ஊடுருவப்பட்ட இணைய வழங்கியில் தடயம் தேடுதல்

இணையதளங்களைத் தாங்கி நிற்கும் கணினி இணைய வழங்கி எனப்படும். பேச்சு வழக்கில் வெப் சர்வர் என்பர். அதற்குள் உரிமையற்ற ஒருவர் நுழைந்துவிட்டால் நான்கு கேள்விகளுக்கு விடை காண வேண்டியிருக்கிறது. எந்த வழியாக நுழைந்தார்? எப்போது நுழைந்தார்? உள்ளே என்ன செய்தார்? எதை எடுத்துச் சென்றார்? இவற்றுக்கு வழங்கியில் எஞ்சியிருக்கும் பதிவுகளையும் கோப்புகளையும் கொண்டு விடை காணும் முறையே வழங்கித் தடயவியல் ஆகும்.

பெரிய வங்கிகளுக்கும் அரசுத் துறைகளுக்கும் மட்டும் உரிய வேலையாக இது கருதப்படுகிறது. உண்மையில் ஊடுருவலுக்கு ஆளாகும் தளங்களில் பெரும்பாலானவை சிறியவை. தனிமனிதர்கள், பள்ளிகள், கடைகள், சங்கங்கள் நடத்தும் தளங்கள் அவை. புதுக்கோட்டையில் 2015 அக்டோபர் 11 அன்று வலைப்பதிவர் திருவிழா நடந்தது. அதில் கூடியவர்களைப் போல, சொந்த ஆர்வத்தில் தமிழில் எழுதித் தளம் நடத்துவோர் மாவட்டந்தோறும் உள்ளனர். அவர்களிடம் பாதுகாப்புப் பிரிவு என்று எதுவும் இருக்காது. தளம் கெட்டுவிட்டால் தாங்களே பார்க்க வேண்டும். அல்லது தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும். அத்தகையோரையும் இத்துறையைக் கற்கும் மாணவர்களையும் மனத்தில் கொண்டு இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது.

ஏன் ஆராய வேண்டும்?

தளம் கெட்டது தெரிந்ததும் பலர் முதலில் செய்வது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பழைய காப்புநகலை மீண்டும் ஏற்றுவது. தளம் உடனே சரியாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் திருடன் வந்த ஜன்னல் அப்படியே திறந்திருக்கும். காப்புநகலிலும் அதே பழைய மென்பொருள், அதே ஓட்டை, அதே கடவுச்சொல். சில நாட்களில் தளம் மறுபடியும் கெடும். காப்புநகல் எடுக்கப்படும் முன்பே ஊடுருவல் நடந்திருந்தால், திருடன் விட்டுச்சென்ற பின்கதவும் காப்புநகலோடு சேர்ந்தே திரும்பி வரும்.

இரண்டாவது காரணம் பிறருக்குச் சொல்ல வேண்டிய கடமை. தளத்தில் பதிவு செய்தவர்களின் பெயர், கைபேசி எண், கடவுச்சொல் ஆகியவை வெளியே போயினவா என்பது ஆராய்ந்தால்தான் தெரியும். அழித்துவிட்டால் அந்தக் கேள்விக்கு ஒருபோதும் விடை கிடைக்காது.

தொடுமுன் படியெடுத்தல்

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டு உள்ளது. கல்வெட்டு ஆய்வாளர் அத்தகைய கல்லை முதலில் மைப்படி எடுத்துக்கொண்டு, பிறகு அந்தப் படியை வைத்து நிதானமாகப் படிப்பார். கல்லைச் சுரண்டிப் பார்ப்பதில்லை. வழங்கித் தடயவியலின் முதல் விதியும் இதுவே. மூல வட்டில் எதையும் தேடக்கூடாது. படியெடுத்து, படியில் தேட வேண்டும்.

இதற்குக் காரணம் உண்டு. ஒரு கோப்பைத் திறந்தாலே அது கடைசியாகப் படிக்கப்பட்ட நேரம் மாறக்கூடும். உரிமையை மாற்றினால் இன்னொரு நேரக்குறி மாறும். புதிய மென்பொருளை நிறுவினால், அழிக்கப்பட்ட கோப்புகளின் மிச்சம் கிடந்த இடத்தில் புதிய தரவு எழுதப்பட்டுவிடும். தேடுபவரின் காலடித் தடமே திருடனின் தடத்தை மறைத்துவிடும்.

நடைமுறையில் வரிசை இவ்வாறு அமையும்.

1. வழங்கியை உடனே அணைக்கக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள், திறந்திருக்கும் இணைப்புகள், நினைவகத்தில் மட்டும் இருக்கும் தீநிரல் ஆகியவை மின்சாரம் நின்றதும் மறைந்துவிடும். அணைப்பதற்குப் பதிலாக, நிர்வகிப்பவருக்கு மட்டும் வழி விட்டு, மற்ற வலைப்பின்னல் தொடர்புகளைத் துண்டிக்க வேண்டும்.

2. அப்போது ஓடும் நிரல்களின் பட்டியல், வலை இணைப்புகளின் பட்டியல், உள்நுழைந்திருப்போர் பட்டியல் ஆகியவற்றை எடுத்து வேறொரு கணினியில் சேமிக்க வேண்டும். வசதி இருந்தால் நினைவகத்தையும் முழுமையாகப் படியெடுக்க வேண்டும்.

3. வட்டு முழுவதையும் படியெடுக்க வேண்டும். வாடகைக்கு எடுத்த மேகக் கணினியாக இருந்தால், நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகையிலேயே ஸ்னாப்ஷாட் எடுக்கும் வசதி இருக்கும்.

4. எடுத்த படிக்கு ஹேஷ் மதிப்பு கணக்கிட்டு எழுதி வைக்க வேண்டும். ஷா-256 போன்ற ஒரு வாய்பாட்டில் கோப்பைச் செலுத்தினால் 64 எழுத்துருக்கள் கொண்ட ஒரு மதிப்பு கிடைக்கும். கோப்பில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் மதிப்பு முற்றிலும் மாறிவிடும். படி மாற்றப்படவில்லை என்று பிற்காலத்தில் நிறுவ இது உதவும்.

5. யார், எப்போது, எதை எடுத்தார், எங்கே வைத்தார் என்பதை ஒரு நோட்டில் நேரத்துடன் குறித்துவர வேண்டும்.

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுகளைச் சான்றாக ஏற்பது பற்றிப் பேசுகிறது. அதற்கான சான்றிதழ்ப் படிவத்தில் ஹேஷ் மதிப்பைக் குறிப்பிட இடம் உள்ளது. எனவே நான்காவது படி வழக்குக்குப் போகும்போதும் பயன்படும்.

தடயங்கள் எங்கே கிடைக்கும்?

வருகைப் பதிவேடு: அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் போன்ற வழங்கி மென்பொருள்கள் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஒரு வரி எழுதுகின்றன. வந்தவரின் ஐபி முகவரி, நேரம், கேட்ட பக்கம், விடைக் குறியீடு, அனுப்பிய தரவின் அளவு, எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், எந்த உலாவி என்பவை அதில் இருக்கும். விடைக் குறியீடு 200 என்றால் கேட்டது கிடைத்தது. 404 என்றால் அப்படி ஒரு பக்கம் இல்லை. 403 என்றால் அனுமதி மறுக்கப்பட்டது. 500 என்றால் வழங்கியில் பிழை.

பிழைப் பதிவேடு: நிரல்கள் தடுமாறும்போது எழுதப்படுவது. தாக்குபவர் முயன்று தோற்ற தடங்கள் இதில் தங்கியிருக்கும்.

உள்நுழைவுப் பதிவேடு: எஸ்எஸ்எச், எஃப்டிபி, கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவற்றின் வழியாக யார், எங்கிருந்து, எப்போது நுழைந்தார் என்பது.

கோப்பு முறைமை: லினக்சில் ஒவ்வொரு கோப்புக்கும் பல நேரக்குறிகள் உண்டு. உள்ளடக்கம் மாறிய நேரத்தை ஒரு சாதாரணக் கட்டளையால் பொய்யாக மாற்றிவிடலாம். கோப்பின் விவரக்குறிப்பு மாறிய நேரத்தை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. முதலாவது 2019 என்றும் இரண்டாவது போன வாரம் என்றும் இருந்தால் ஐயப்பட வேண்டும். ஆனால் பெயர் மாற்றினாலும் உரிமை மாற்றினாலும் இரண்டாவது நேரம் மாறும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும்.

தரவுத்தளம்: யாருக்கும் தெரியாத புதிய நிர்வாகி கணக்கு, கட்டுரைகளுக்குள் செருகப்பட்ட நிரல்வரிகள்.

திட்டமிட்ட பணிகளும் திறவுகோல்களும்: குறித்த நேரத்தில் தானே ஓடும் கிரான் பணிகள், கடவுச்சொல் இல்லாமல் நுழைய உதவும் எஸ்எஸ்எச் திறவுகோல்கள். வெளியேற்றப்பட்ட பிறகும் திரும்பி வர விரும்புவோர் இங்கேதான் வழி வைத்துச் செல்வர்.

வழக்கமான நுழைவு வழிகள்

• புதுப்பிக்கப்படாத மென்பொருள், செருகுநிரல், வார்ப்புரு
• பிற இடத்தில் கசிந்த, அல்லது எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்
• எந்த வகைக் கோப்பையும் ஏற்றுக்கொள்ளும் பதிவேற்றப் படிவம்
• உள்ளீட்டைச் சோதிக்காமல் தரவுத்தளத்துக்கு அனுப்பும் நிரல்
• பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் தவறி வைக்கப்பட்ட காப்புநகல் அல்லது அமைப்புக் கோப்பு
• ஒரே வழங்கியைப் பகிர்ந்துகொள்ளும் பக்கத்துத் தளம்
• விலை கொடுத்து வாங்க வேண்டியதை இலவசமாகத் தருவதாகச் சொல்லும் திருட்டு வார்ப்புருக்கள். இவற்றில் பின்கதவு முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கும்

ஆய்வாளர் இந்தப் பட்டியலை ஒவ்வொன்றாக எடுத்து, சான்று இருக்கிறதா, எதிர்ச்சான்று இருக்கிறதா என்று பார்ப்பார். முதலில் தோன்றிய ஊகத்தோடு நின்றுவிடுவது இத்துறையில் அடிக்கடி நேரும் தவறு.

ஒரு மாதிரி ஆய்வு

முறை விளங்குவதற்காக ஒரு கற்பனை நிகழ்வை எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டை மாவட்டத்தின் ஓர் ஊரில் தமிழாசிரியர்கள் சிலர் சேர்ந்து, உள்ளூர் வரலாற்றுக் கட்டுரைகளுக்கு வேர்ட்பிரசில் ஒரு தளம் நடத்துகிறார்கள். மாணவர்களுக்கு ஆண்டுதோறும் வினாடி வினாவும் உண்டு. பதிவுப் படிவத்தில் மாணவர் பெயர், வகுப்பு, பெற்றோரின் கைபேசி எண் கேட்கப்படும்.

ஒருநாள் வாசகர் ஒருவர், தேடுபொறியில் தேடித் தளத்துக்கு வந்தால் சூதாட்ட விளம்பரம் வருகிறது என்கிறார். ஆசிரியர் தம் கணினியில் முகவரியைத் தட்டிப் பார்க்கிறார். தளம் நன்றாகவே இருக்கிறது. வாசகர் சொன்னது பிழை என்று விட்டுவிடுவது இயல்பு. ஆனால் இது பழக்கமான தந்திரம். தேடுபொறியிலிருந்து கைபேசி வழியாக வருவோரை மட்டும் வேறு தளத்துக்குத் திருப்பிவிட்டு, நேரடியாக வருவோருக்கும் நிர்வாகிக்கும் உண்மையான பக்கத்தைக் காட்டும் நிரல் செருகப்பட்டிருக்கும். உரிமையாளர் கண்ணில் படாமலிருக்கவே அந்த ஏற்பாடு.

ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு படியில் தேடல் தொடங்குகிறது. படங்கள் மட்டும் இருக்க வேண்டிய பதிவேற்றக் கோப்புறையில் ஒரு பிஎச்பி கோப்பு இருக்கிறது. திறந்து படித்தால், வெளியிலிருந்து வரும் கட்டளையை வாங்கி வழங்கியில் இயக்கும் சிறு நிரல் அது. இதற்கு வெப் ஷெல் என்று பெயர். அதன் உள்ளடக்க நேரம் 2019 என்கிறது. விவரக்குறிப்பு நேரமோ மார்ச் 14, அதிகாலை 2:47 என்கிறது.

அடுத்து வருகைப் பதிவேடு. இங்கே ஒரு பொறி உள்ளது. பல மேகக் கணினிகள் உலகப் பொது நேரத்தில் பதிவு எழுதுகின்றன. இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. ஆகவே மார்ச் 14, 2:47 என்பதைப் பதிவேட்டில் மார்ச் 13, 21:17 என்று தேட வேண்டும். இதை மறந்தவர் அந்த நேரத்தில் எதுவும் இல்லை என்று முடிவு செய்துவிடுவார்.

பதிவேட்டில் ஒரே ஐபி முகவரியிலிருந்து வந்த வரிகள் இவ்வாறு உள்ளன.

21:13 — வெவ்வேறு செருகுநிரல்களின் முகவரிகளுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட வேண்டுகோள்கள்; எல்லாவற்றுக்கும் விடை 404
21:15 — ஒரு படிவச் செருகுநிரலின் விளக்கக் கோப்பு, விடை 200
21:17 — அதே செருகுநிரலின் பதிவேற்ற முகவரிக்குத் தரவு அனுப்பல், விடை 200
21:17 — பதிவேற்றக் கோப்புறையில் உள்ள அந்த பிஎச்பி கோப்பு, விடை 200
21:20 முதல் 21:26 வரை — அதே கோப்புக்குத் தரவு அனுப்பல், 11 முறை
21:28 — அதே கோப்புறையில் ஒரு சுருக்கக் கோப்பு. விடை 200, அளவு 4.1 எம்பி

இவ்வரிகள் ஒரு கதையைச் சொல்கின்றன. வந்தது தானியங்கித் தேடல். எந்தச் செருகுநிரல் இருக்கிறது என்று கதவு கதவாகத் தட்டியிருக்கிறது. ஒரு கதவு திறந்தது. விளக்கக் கோப்பிலிருந்து பதிப்பு எண் தெரிந்தது. பதிவேற்றும் ஓட்டை வழியாக வெப் ஷெல் வந்து சேர்ந்தது. பிறகு 11 கட்டளைகள். கடைசியாக ஒரு சுருக்கக் கோப்பு வெளியே போயிருக்கிறது.

மாற்று ஊகங்களையும் சோதிக்க வேண்டும். கடவுச்சொல் திருடப்பட்டிருக்குமா? வேர்ட்பிரசில் உள்நுழைவு தோற்றால் வழக்கமாக விடை 200 என்றும், வென்றால் வேறு பக்கத்துக்கு அனுப்பும் 302 என்றும் பதிவாகும். அந்த நாட்களில் ஆசிரியர்களின் சொந்த முகவரிகளிலிருந்து வந்தவை தவிர 302 எதுவும் இல்லை. எஸ்எஸ்எச் பதிவேட்டில் வெற்றிபெற்ற அந்நிய நுழைவு இல்லை. ஆகவே செருகுநிரல் ஊகம் வலுப்பெறுகிறது.

சுருக்கக் கோப்பு இப்போது வழங்கியில் இல்லை; எடுத்துச் சென்றதும் அழித்துவிட்டார்கள். ஆனால் தரவுத்தளத்தை ஆய்வாளரே தனிக் கணினியில் சுருக்கிப் பார்த்தபோது ஏறக்குறைய அதே அளவு வருகிறது. உள்ளே என்ன இருந்தது என்று இது நிறுவிவிடாது. எனினும், மாணவர் பெயர்களும் பெற்றோர் எண்களும் போயிருக்கக்கூடும் என்று கருதி நடந்துகொள்ள இது போதுமான காரணம்.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. வெப் ஷெல்லின் கோப்புப் பெயரைப் பதிவேடு முழுவதிலும் தேடினால் மார்ச் 13க்கு முன் எதுவும் இல்லை. ஆனால் பதிவேடே மார்ச் 5இலிருந்துதான் இருக்கிறது. உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளின் இயல்பான அமைப்பில் அப்பாச்சிப் பதிவேடு 14 நாட்களுக்குத்தான் வைக்கப்படும். பழையவை தாமே அழியும். அதற்கு முன் வேறு யாராவது வந்தார்களா என்று சொல்ல வழியில்லை.

அறிக்கை எழுதுதல்

நல்ல அறிக்கையில் மூன்று வகைக் கூற்றுகள் தனித்தனியே இருக்கும். மேற்கண்ட நிகழ்வில் அவை இவ்வாறு அமையும்.

உறுதியானவை: மார்ச் 14 அதிகாலை 2:47க்குச் செருகுநிரலின் பதிவேற்ற முகவரிக்குத் தரவு வந்தது, உடனே வெப் ஷெல் பயன்படுத்தப்பட்டது, 2:58க்கு 4.1 எம்பி கோப்பு ஒன்று வெளியேறியது.

மிக வாய்ப்புள்ளவை: அக்கோப்பு தரவுத்தளத்தின் நகல்.

தெரியாதவை: 11 கட்டளைகளின் உள்ளடக்கம் (வருகைப் பதிவேடு அனுப்பப்பட்ட தரவின் உள்ளடக்கத்தை எழுதுவதில்லை), மார்ச் 5க்கு முந்தைய நிலை, தாக்கியவர் யார் என்பது.

கடைசியாகச் சொன்னதைப் பலர் ஏற்க மறுப்பர். ஐபி முகவரி கிடைத்துவிட்டதே, ஆளைப் பிடித்துவிடலாமே என்பர். ஐபி முகவரி ஒரு கணினியின் இணைப்பைத்தான் காட்டும். அந்தக் கணினியும் ஊடுருவப்பட்ட மற்றொருவருடையதாக இருக்கலாம். அந்த முகவரியைத் திருப்பித் தாக்குவது குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66ஆம் பிரிவின்படி, உரிமையின்றிக் கணினிக்குள் நேர்மையற்ற நோக்கில் நுழைவோருக்கு மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

அறிக்கை முடிந்ததும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் சொல்லி உதவித்தொகை வந்திருப்பதாக யாராவது பேசினால் நம்ப வேண்டாம், ஓடிபி எண்ணைச் சொல்ல வேண்டாம் என்ற ஒரு குறுஞ்செய்தி போதும். தளத்தின் பெயர் கெட்டுவிடும் என்று ஆசிரியர்கள் தயங்கலாம். அந்தத் தயக்கத்துக்கு விலை கொடுப்பவர் பணத்தை இழக்கப் போகும் ஒரு பெற்றோர்.

உண்மை நிகழ்வுகள்

ஈக்விஃபாக்ஸ், 2017

அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்சில் ஏறத்தாழ 14.8 கோடிப் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. அந்நாட்டு நாடாளுமன்றக் குழு 2018 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, இத்துறை மாணவர்களுக்கு நல்ல பாடநூல்.

அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் மென்பொருளில் இருந்த ஓட்டைக்கு 2017 மார்ச் 7 அன்று திருத்தம் வெளிவந்தது. அந்த ஓட்டையின் எண் சிவிஇ-2017-5638. நிறுவனம் தன் ஊழியர்களுக்கு மார்ச் 9 அன்று எச்சரிக்கை அஞ்சல் அனுப்பியது. ஆனால் அதைச் செயல்படுத்த வேண்டியவர்கள் பெயர் அஞ்சல் பட்டியலில் இல்லை. மார்ச் 15 அன்று நடத்திய சோதனையும் ஓட்டையைக் கண்டுபிடிக்கவில்லை. மார்ச் 10 அன்றே தாக்குபவர்கள் அந்த ஓட்டையைக் கண்டிருந்தனர். மே 13 அன்று வாடிக்கையாளர் முறையீட்டுத் தளத்தின் வழியாக உள்ளே புகுந்து, ஏறத்தாழ 30 வெப் ஷெல்களை நிறுவினர். மறையாக்கம் செய்யாமல் ஒரு கோப்பில் எழுதி வைக்கப்பட்டிருந்த கடவுச்சொற்கள் கிடைத்தன. அவற்றைக் கொண்டு மேலும் 48 தரவுத்தளங்களை எட்டி, சுமார் 9,000 வினவல்களை அனுப்பினர்.

76 நாட்கள் யாருக்கும் தெரியவில்லை. மறையாக்கப்பட்ட போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்கும் கருவி ஒன்று அங்கே இருந்தது. அதன் சான்றிதழ் பல மாதங்களுக்கு முன்பே காலாவதியாகியிருந்ததால் அது எதையும் பார்க்காமல் விட்டுக்கொண்டிருந்தது. ஜூலை 29 அன்று சான்றிதழைப் புதுப்பித்தார்கள். உடனே ஐயத்துக்குரிய போக்குவரத்து கண்ணில் பட்டது. மறுநாள் தளம் மூடப்பட்டது.

இந்த ஓட்டையில் தாக்குதல் வரிகள் வேண்டுகோளின் தலைப்புப் பகுதியில் வந்தன. சாதாரண வருகைப் பதிவேடு அந்தத் தலைப்பை எழுதுவதில்லை. எல்லாவற்றையும் ஒரே பதிவேட்டில் தேடக்கூடாது என்பதற்கு இது சான்று. 2020 பிப்ரவரியில் சீன இராணுவத்தைச் சேர்ந்த நால்வர் மீது அமெரிக்கா குற்றம் சாட்டியது. ஏறக்குறைய 20 நாடுகளில் உள்ள 34 வழங்கிகள் வழியாக அவர்கள் வந்ததாகவும், பதிவேடுகளை நாள்தோறும் அழித்ததாகவும் குற்றப்பத்திரிகை கூறுகிறது.

அப்பாச்சி அறக்கட்டளை, 2010

கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கும் அப்பாச்சி அறக்கட்டளையின் வழங்கியே 2010 ஏப்ரலில் ஊடுருவப்பட்டது. ஜிரா என்னும் பிழை பதிவு மென்பொருளில், ஒரு பிழை பற்றிய முறையீடு போல ஏப்ரல் 5 அன்று சுருக்கப்பட்ட இணைப்பு ஒன்று வந்தது. நிர்வாகிகள் சிலர் சொடுக்கினர். அது அவர்களுடைய உள்நுழைவுக் குக்கியைத் திருடும் பொறி. அதே நேரத்தில் கடவுச்சொற்களை ஊகித்துத் தட்டும் முயற்சியும் நடந்தது. ஏப்ரல் 6 அன்று நிர்வாகி உரிமை கிடைத்தது. தாக்குபவர்கள் இணைப்புக் கோப்புகள் சேரும் இடத்தை, நிரல் இயங்கக்கூடிய கோப்புறைக்கு மாற்றினர். பிறகு உள்நுழைவோரின் கடவுச்சொற்களைச் சேகரிக்கும் நிரலை வைத்து, நிர்வாகக் குழுவினருக்குக் கடவுச்சொல் மாற்ற அஞ்சல் அனுப்பினர். ஏதோ சிறு கோளாறு என்று எண்ணிய குழுவினர் உள்ளே வந்து, தங்கள் வழக்கமான கடவுச்சொல்லையே மீண்டும் வைத்தனர். அவற்றில் ஒன்று அந்த வழங்கியின் முழு அதிகாரக் கணக்குக்கும் பொருந்தியது.

அறக்கட்டளை இதை மறைக்கவில்லை. ஒருசில நாட்களில், நடந்ததை வரிசையாக எழுதி, எது காப்பாற்றியது, எது காப்பாற்றவில்லை, எதை மாற்றுகிறோம் என்று பொதுவில் வெளியிட்டது. ஒரே கடவுச்சொல்லை இரண்டு இடங்களில் வைத்த தவறும் அதில் ஒளிக்கப்படவில்லை.

தமிழ்நாட்டில்

2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளம் ஊடுருவப்பட்டது. நிர்வாகி கணக்கு ஒன்றின் கடவுச்சொல் வெளியாகியிருக்கலாம் என்று காவல்துறை முதற்கட்டமாகத் தெரிவித்தது. மேற்கண்ட பட்டியலின் இரண்டாவது வழி இது.

2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த கணினி ஒன்றில் தீநிரல் கண்டறியப்பட்டது. செப்டம்பர் 4 அன்று செர்ட்-இன் அமைப்பு இதைத் தெரிவித்ததாக இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. முதன்மையான உள் வலைப்பின்னல் தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருப்பதாகவும் கூறியது. இது இணைய வழங்கி தொடர்பான நிகழ்வு அன்று. ஆயினும் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ முடிந்ததா என்னும் கேள்வி எந்த ஆய்விலும் எழும் என்பதை இது காட்டுகிறது.

மீட்டெடுத்தல்

ஆய்வுக்குப் பிறகு பழைய வழங்கியைத் துடைத்துத் துடைத்துச் சுத்தம் செய்வதைவிட, புதிய வழங்கியை அமைப்பதே பாதுகாப்பானது. ஒரு பின்கதவைக் கண்டுபிடித்தோம் என்பதால் இன்னொன்று இல்லை என்று ஆகாது. மென்பொருள்களை அவற்றின் மூல இடத்திலிருந்து புதிதாக இறக்க வேண்டும். கட்டுரைகளையும் படங்களையும் மட்டும், சோதித்த பிறகு, பழைய இடத்திலிருந்து கொண்டுவர வேண்டும். தரவுத்தளம், எஸ்எஸ்எச், நிர்வாகி கணக்குகள் ஆகிய எல்லாவற்றின் கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும். பதிவேற்றக் கோப்புறையில் நிரல் எதுவும் இயங்காதபடி தடை செய்தால், மாதிரி நிகழ்வில் வந்தது போன்ற வெப் ஷெல் வந்து சேர்ந்தாலும் வேலை செய்யாது.

பதிவேடுகளை அதே வழங்கியில் மட்டும் வைக்கக் கூடாது. உள்ளே வந்தவர் முதலில் அழிப்பது அவற்றைத்தான். நாள்தோறும் வேறொரு கணினிக்கு அனுப்பிவிட வேண்டும். செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்றும், ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும், கணினிக் கடிகாரங்களை அங்கீகரிக்கப்பட்ட நேர வழங்கிகளோடு ஒத்திசைக்க வேண்டும் என்றும் கூறுகிறது. தனிநபர் தளங்களை அந்த ஆணை கட்டுப்படுத்தாவிட்டாலும், 180 நாள் என்னும் அளவு அவர்களுக்கும் நல்ல வழிகாட்டி. சுருக்கி வைத்தால் ஒரு சிறு தளத்தின் ஆறு மாதப் பதிவேடு ஒரு பென்டிரைவின் மூலையில் அடங்கிவிடும்.

குற்றம் பற்றிப் புகார் அளிக்க 1930 என்ற தேசிய உதவி எண்ணும், தேசிய இணையக் குற்றப் புகார் தளமும், மாவட்டத்தின் இணையக் குற்றக் காவல் நிலையமும் உள்ளன. புகாரோடு ஹேஷ் மதிப்பு குறித்த படியையும் நேரவரிசை நோட்டையும் கொடுத்தால் விசாரணை எளிதாகும்.

புதிய தளம் ஓடத் தொடங்கிய பிறகும் சில வாரங்களுக்கு வருகைப் பதிவேட்டைப் பார்த்துவர வேண்டும். பழைய வெப் ஷெல்லின் முகவரியைத் தேடி யாரோ மீண்டும் வருவர். அந்த வரிகளின் எதிரே 404 என்று இருந்தால், அந்த வழி அடைபட்டது என்று கொள்ளலாம்.